ஒன்பது ஐந்துக்கு எடுத்த படம்

பதினொரு வருஷத்தில் சத்தியதாஸ் பொன்முடிக்கு ஏறிப் போனது ஏழு தடவைதான். ஆனால் அங்கே உச்சியில் நிற்கிற டிஷ்ஷை நாள்தோறும் அசைத்தவர் அவர். கழக்கூட்டத்தில் நெடுஞ்சாலையைப் பார்த்த ஒரு கட்டிடத்தின் இரண்டாம் மாடியில், மூன்று திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்து அவர் ஒரு வரி அடித்து எண்டரைத் தட்டினால், ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பால் நாலு டன் இரும்பு தலையைத் திருப்பும். காலை முதல் மாலை வரை அது சூரியனையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சூரியனிலிருந்து வரும் ரேடியோ அலைகளைப் பிடிப்பது அதன் வேலை. அது பார்வை தப்பாமல் பார்த்துக்கொள்வது சத்தியதாஸின் வேலை. மேகமும் மழையும் ரேடியோவுக்குத் தடையில்லை என்பதால் லீவு நாள் என்று ஒன்றும் கிடையாது.

பாறசாலைக்காரர். ஐ.டி.ஐ.யில் ரேடியோ, டி.வி. மெக்கானிக் படித்துவிட்டு, நெய்யாற்றின்கரைச் சுற்றுவட்டாரத்தில் கூரை கூரையாக ஏறி கேபிள் இழுத்துக்கொண்டிருந்தவர். ஆராய்ச்சி நிலையம் மலையில் டிஷ் நிறுத்தியபோது கேபிள் போட ஆள் தேவைப்பட்டது. போனார். மலையிலேயே தங்கி மூன்று வாரத்து வேலை. நாலாவது வாரம் பெரிய படிப்புப் படித்த பையன்கள் இரண்டு நாளாகத் தேடியும் கிடைக்காத ஒரு கோளாறை, கேபிள் மூட்டில் நீர் இறங்கியிருக்கிறது என்று கையால் தடவியே சொன்னார். அதன் பிறகு அவரை விடவில்லை. நிரந்தரமும் ஆக்கவில்லை. பதினொரு மாத ஒப்பந்தம், ஒரு நாள் இடைவெளி, மறுபடியும் பதினொரு மாதம். அந்த ஒரு நாள் மட்டும் அவர் பாறசாலை சர்ச்சுக்குப் பின்னால் இருக்கும் வாழைகளுக்கு மண் அணைப்பார்.

கம்ப்யூட்டரை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. டிஷ்ஷை ஓட்டும் நிரலைத் தாளில் அச்செடுத்து, போகவர பாசஞ்சர் வண்டியில் வரி வரியாக வாசித்தார். புரியாத வரியைத் தாண்ட மாட்டார். ஒரே பக்கத்தில் பாறசாலையிலிருந்து பேட்டை வரை வந்த நாட்கள் உண்டு. ஒன்றரை வருஷம் கழிந்தபோது, எந்த மோட்டார் எந்தக் குளிரில் எத்தனை ஆம்பியர் இழுக்கும் என்பதை மனதிலிருந்தே சொன்னார்.

மலையில் அவருடைய கையும் கண்ணுமாக இருந்தவர் திரவியம். தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவர். தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த குடும்பம். தோட்டத்தில் வேலை பாதியாகக் குறைந்தபோது டிஷ்ஷுக்குக் காவலாகச் சேர்ந்தார். புல் வெட்டுவது, பனித்தண்ணீர் துடைப்பது, குளவிக்கூடு எடுப்பது, பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவது எல்லாம் அவர். லயத்து ஜனங்கள் டிஷ்ஷைச் சட்டி என்பார்கள். திரவியமும் அப்படித்தான் சொல்வார்.

தினமும் காலை ஏழே முக்காலுக்குக் காவல் அறையிலிருந்து லேண்ட்லைனில் கூப்பிடுவார்.

"அண்ணாச்சி, சட்டிக்கு இன்னிக்கு ஜலதோசம்."

"தும்முதா ஓய்?"

"தும்மல. ராத்திரி பெஞ்ச மழைக்கு மூக்கு ஒழுவுது. தொடச்சிட்டேன். இனி நீங்க வேண்டியமட்டும் ஆட்டுங்க."

"ஒமக்கு சம்பளம் தொடைக்கியதுக்கா, வைத்தியத்துக்கா?"

"ரெண்டையும் சேத்து நீங்க வாங்குற சம்பளத்துல பாதிக்கு."

இருவரும் நேரில் பார்த்துக்கொண்டது ஏழே தடவை. ஆனால் சத்தியதாஸ் தன் மனைவியிடம் பேசியதைவிடத் திரவியத்திடம் பேசியது அதிகம்.

ஆள் மேலே ஏறும்போது டிஷ் அசையாமல் இருக்க மூன்று காப்பு வைத்துத்தான் அதை நிறுத்தியிருந்தார்கள். ஒன்று சைரன்: டிஷ் திரும்பும் முன் பத்து விநாடி அலறும். ஆனால் அது அலறும்போது தெறிக்கும் மின்பொறி ரேடியோவில் விழுந்து பதிவைக் கெடுத்தது. தலைமை விஞ்ஞானி ஆனந்தகிருஷ்ணன், "தற்காலிகமா அதைக் கழட்டி வைங்கோ" என்று வாயால் சொன்னார். கழற்றி மூன்று வருஷம் ஆகிவிட்டது. இரண்டாவது மொபைல் போன். அதுவும் ரேடியோ; டிஷ்ஷுக்குப் பக்கத்தில் அதை உயிரோடு வைக்கக் கூடாது. திரவியம் வேலைக்கு வந்ததும் போனை அணைத்து ஒரு தகரப் பெட்டிக்குள் போட்டுவிடுவார்.

மூன்றாவது, டிஷ்ஷின் அடித்தூணில் இருந்த சிவப்புக் கைப்பிடி. அதைக் கீழே இழுத்தால் மோட்டார்களுக்கு மின்சாரம் நிற்கும். கழக்கூட்டத்திலிருந்து எத்தனை எண்டர் தட்டினாலும் அசையாது. மேலே ஏறுகிறவர் அதை இழுத்துவிட்டுத்தான் ஏற வேண்டும் என்று சட்டம் எழுதி ஒட்டியிருந்தது. ஆனால் அதை இழுத்தால் டிஷ் தான் எங்கே பார்க்கிறோம் என்பதை மறந்துவிடும். திரும்ப அதற்குத் திசை சொல்லிக்கொடுக்க ஒன்றரை மணி நேரம் ஆகும். நாலு வருஷத்துக்கு முன் ஒரு காலையில் சத்தியதாஸ்தான் போனில் சொன்னார்:

"திரவியம், துடைக்கியது, கூடு எடுக்கியது மாதிரி சில்லறை வேலைக்கெல்லாம் அதைப் போட்டு இழுக்காண்டாம் கேட்டீரா. எனக்கு ஒரு போன் போடும். நான் இங்க கையைக் கட்டிட்டு இருக்கேன். இறங்கினதும் இறங்கியாச்சுன்னு சொல்லும்."

"செரி அண்ணாச்சி. நீங்க கையைக் கட்டினா சட்டிக்கும் கை கட்டின மாதிரிதானே."

அதை யாரும் எங்கேயும் எழுதவில்லை. அவர்கள் இருவருக்கு மட்டும் தெரியும். நாலு வருஷத்தில் எண்பது, நூறு தடவை அப்படி ஏறி இறங்கியிருப்பார். ஒரு தடவைகூடத் தப்பு நடக்கவில்லை.

காமிரா ஒன்றும் இருந்தது. அரை நிமிடத்துக்கு ஒரு படம் அனுப்பும். ஆனால் மலைக்கும் கழக்கூட்டத்துக்கும் இடையேயான இணைப்பு மெலிந்தால் படம் நின்றுபோகும். திரையில் பழைய படமே இருக்கும். காமிராவின் கடிகாரமோ எப்போதும் தாறுமாறு. அதற்கு சத்தியதாஸ் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். காமிராவுக்கு நேரே வேலிக் கம்பியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டச் சொன்னார். பொன்முடியில் காற்றுக்குப் பஞ்சமில்லை. படத்துக்குப் படம் துணி இடம் மாறியிருந்தால் படம் புதிது. மாறவில்லையென்றால் சந்தேகம். நிலையத்துப் பையன்கள் சிரித்தார்கள். ஆனால் எல்லோரும் துணியைப் பார்க்கக் கற்றுக்கொண்டார்கள்.

அந்த அக்டோபர் மாதத்து வியாழக்கிழமை ஒன்பது மணிக்குத் திரவியம் கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, சட்டி மூக்குல குளவி கூடு கட்டியிருக்கு. ஒரு முழம் இருக்கும். குனிய வையுங்க, எடுத்திடுதேன்."

மூக்கு என்றால் டிஷ்ஷின் நடுவில் நீட்டி நிற்கிற அலைவாங்கி. சத்தியதாஸ் டிஷ்ஷைத் தரையைப் பார்க்கக் குனிய வைத்தார். ஒன்பது ஐந்துக்குப் படம் வந்தது: குனிந்த டிஷ், காவல் அறைச் சுவரில் சாய்த்த ஏணி, பனியில் நனைந்து தொங்கும் துணி. ஆள் இல்லை, தீப்பந்தம் சுற்ற அறைக்குள் போயிருப்பார்.

ஒன்பது பத்துக்கு இணைப்பு அறுந்தது. கல்லாறுக்குக் கீழே சாலை அகலப்படுத்துகிற ஜே.சி.பி. கேபிளை வாரிக்கொண்டு போய்விட்டது. லேண்ட்லைனும் அதே கேபிள்தான். இப்படி நேர்ந்தால் கல்லாறில் சாயாக்கடை வைத்திருக்கும் சஜிக்குப் போன் செய்ய வேண்டும். அவர் கடை மாடியில் வைத்திருக்கும் மொபைல் மோடத்தைப் போட்டுவிடுவார். அன்றைக்குச் சஜி விதுரைக்குச் சாமான் வாங்கப் போயிருந்தார். திரும்பி வந்து போட்டபோது பத்து ஐம்பது.

திரை உயிர் பெற்றது. படம் இருந்தது: குனிந்த டிஷ், சுவரில் சாய்த்த ஏணி, ஆள் இல்லை. கூடு எடுக்க அரை மணி நேரம் போதும். ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. எடுத்து முடித்து ஏணியைத் திரும்பக் கொண்டு வைத்துவிட்டார் என்று சத்தியதாஸ் நினைத்தார். ஆனாலும் லேண்ட்லைனுக்கு அடித்துப் பார்த்தார். செத்துக் கிடந்தது. மொபைலுக்கு அடித்தார். தகரப் பெட்டிக்குள் அணைந்திருந்தது.

அப்போது ஆனந்தகிருஷ்ணன் உள்ளே வந்தார். கரமனையில் பிறந்து வளர்ந்தவர்; சட்டையில் விபூதி உதிர்ந்திருக்கும்; சாதாரணமாகக் குரலை உயர்த்தாதவர்.

"சத்யதாஸ், சூரியன்ல பெரிய வெடிப்பு, ரேடியோ அலை பொத்துண்டு கொட்டறது. ஜப்பான்காரா பிடிச்சாச்சு. நம்ம டிஷ் எங்க பாத்துண்டிருக்கு?"

"தரையைப் பாத்துகிட்டு நிக்கு சார். திரவியம் இறங்கினாரான்னு தெரியல்ல. போன் கிடைக்கல்ல."

"படத்துல யாராவது இருக்காளா?"

"இல்ல சார். ஏணி சுவத்துலதான் இருக்கு."

"அப்பறம் என்ன? இருபது நிமிஷத்துல அடங்கிடும். இந்த மாதிரி ஒண்ணு மூணு வருஷமா வரல்லை. பாத்துப் பண்ணுங்கோ." அவர் வேறு யாருக்கோ போன் செய்யப் போய்விட்டார். பாத்துப் பண்ணுங்கோ என்றுதான் சொன்னார். பண்ணுங்கோ என்று மட்டும் சொல்லவில்லை. இதைச் சத்தியதாஸ் பின்னால் பலரிடம் சரியாகவே எடுத்துச் சொன்னார்.

சத்தியதாஸ் துணியைப் பார்த்தார். அசையவில்லை. ஐந்து நிமிடம் பார்த்தார். அசையவில்லை. அக்டோபரில் பனி இறங்குகிற காலையில் அப்படிக் காற்றே இல்லாமல் துணி தொங்குகிற நாட்கள் வருஷத்துக்கு நாலைந்து உண்டு. நனைந்த துணி வேறு. கட்டளைப் பெட்டியில் மலையிலிருந்து பதில்கள் சுறுசுறுப்பாக வந்துகொண்டிருந்தன: மோட்டார் சரி, வெப்பம் சரி, மின்சாரம் சரி. இணைப்பு உயிரோடுதான் இருக்கிறது, படமும் உயிரோடுதான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டார். சஜியை வண்டியில் மேலே போகச் சொல்லலாம் என்று தோன்றியது. கொண்டை ஊசி வளைவுகளெல்லாம் ஏறிப் போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆகும்.

பத்து ஐம்பத்தெட்டுக்கு எண்டரைத் தட்டினார்.

டிஷ் எழுந்தது. இரண்டாவது மோட்டாரின் மின்னோட்டம் வழக்கத்தைவிட ஒன்றரை ஆம்பியர் கூடி, மூன்று விநாடி நின்று, இறங்கியது. அவர் அதைக் குறித்துக்கொண்டார். ஈரக் கிரீஸ் என்று எழுதினார். பிறகு டிஷ் சூரியனைப் பிடித்தது. திரையில் கோடு மேலே சீறியது. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பட்டை பட்டையாக இறங்கியது. பதினொரு வருஷத்தில் அவர் பார்த்த பதிவுகளில் அதுதான் சுத்தமானது. பக்கத்து அறையிலிருந்து வந்து நாலைந்து பேர் அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்கள். யாரோ தோளில் தட்டினார்.

பதினொன்று பன்னிரண்டுக்குப் படம் ஒரு தடவை துள்ளி மாறியது. துணி காற்றில் நீட்டி நின்றது. ஏணி புல்லில் கிடந்தது. டிஷ்ஷின் அடியில், சிமெண்டுத் தளத்தில், திரவியம் ஒருக்களித்துக் கிடந்தார்.

கட்டளை சின்னது, மெல்லிய இணைப்பிலும் நுழைந்து போய்விடும். படம் பெரியது, சிக்கிக்கொள்ளும். அவர் ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தது ஒன்பது ஐந்துக்கு எடுத்த படம். காலையில் மழை தூறியதால் பந்தம் பற்றாமல், திரவியம் மழை நிற்கக் காத்திருந்து பத்தரைக்குமேல்தான் ஏறியிருக்கிறார். வேலை தொடங்கும் முன் சுவரில் இருந்த ஏணியை, வேலை முடிந்த பின் திரும்ப வைத்த ஏணி என்று சத்தியதாஸ் வாசித்துவிட்டார்.

திரவியம் மெடிக்கல் காலேஜில் இரண்டு நாள் கிடந்தார். கண் திறக்கவில்லை. சனிக்கிழமை விடியும் முன் போய்விட்டார். மனைவி சரசம்மா வராந்தாவில் இருந்தார். சத்தியதாஸ் அந்த இரண்டு நாளும் வராந்தாவின் மறு கோடியில் நின்றார்; பக்கத்தில் போகவில்லை. சரசம்மா தன் பையிலிருந்து ஒரு பழத்தை எடுத்து அவரிடம் நீட்டி, "நீங்க ஒண்ணும் திங்கலையே அண்ணாச்சி" என்றார். அவர் வாங்கிக்கொண்டார். சாப்பிட முடியவில்லை.

பன்னிரண்டாம் நாள் விசாரணைக் குழுவின் அறிக்கை தயாரானது. ஆனந்தகிருஷ்ணன் அவரைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"வாசிச்சுப் பாருங்கோ. உங்க பேர் எங்கயும் இல்லை."

வாசித்தார். பாதுகாப்புக் கைப்பிடியை இயக்காமல், விதிகளை மீறி, மேற்படி நபர் தன்னிச்சையாக ஏறியதே விபத்துக்குக் காரணம் என்று ஒரு வாக்கியம்.

"தன்னிச்சையா ஏறல்ல சார். என்கிட்ட சொல்லிட்டுதான் ஏறினாரு. கைப்பிடியை இழுக்காண்டாம்னு சொன்னது நான்."

ஆனந்தகிருஷ்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எப்போ சொன்னேள்?"

"நாலு வருசம் முன்ன. போன்ல."

"அது யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியும்."

"அவர் போயிட்டார். நீங்க இருக்கேள். நீங்க இதைச் சொன்னா கேஸ் உங்க தலையில விழும். அவருக்கு இனிமே ஒரு பொல்லாப்பும் வரப்போறதில்லை. யோசிச்சுக்கோங்கோ."

"சைரனைக் கழட்டினதும் இதுல இல்லையே சார்."

ஆனந்தகிருஷ்ணன் கையை நீட்டினார். அறிக்கையைத் திரும்ப வாங்கி ஃபைலுக்குள் வைத்தார்.

பதினாறாம் நாள் கழிந்த ஞாயிற்றுக்கிழமை சத்தியதாஸ் எட்டாவது தடவையாகப் பொன்முடிக்கு ஏறினார். லயத்தில் ஒற்றை அறை. சரசம்மா தரையில் இருந்தார். கதவருகே அவருடைய அண்ணன் பகவதிப்பெருமாள், தோட்டத்தில் யூனியன் வேலை பார்ப்பவர், அறிக்கையின் நகலைக் கையில் வைத்திருந்தார். அது முந்தின நாளே வந்துவிட்டிருந்தது.

"மலையாளத்துல இருந்தத அண்ணன் வாசிச்சுச் சொன்னாரு" என்றார் சரசம்மா. "அவரு கைப்பிடிய இழுக்காம திமிருல ஏறிட்டாருன்னு எழுதியிருக்காம். லயத்துல தண்ணியப் போட்டுட்டு ஏறினாருன்னு சொல்லுதாவ. அவரு அந்த வாடையே ஆவாத மனுசன். பதினஞ்சு நாளா குழாயடிக்குப் போக முடியல. நீங்க தெனமும் பேசினவரு. நெசமா சொல்லுங்க அண்ணாச்சி, அவரு ஏன் இழுக்கல?"

அந்தக் கேள்விக்குச் சத்தியதாஸ் பஸ்ஸில் வரும்போது பல பதில்கள் யோசித்து வைத்திருந்தார். அவை எல்லாவற்றையும் விட்டுவிட்டார்.

"நான் இழுக்காண்டாம்னு சொன்னேன்."

பகவதிப்பெருமாள் நிமிர்ந்தார்.

"ஏன்?" என்றார் சரசம்மா.

"அதை இழுத்தா ஒன்றரை மணி நேரம் வேலை முடங்கும். அது மிச்சமாகட்டும்னு."

"அந்த ஒன்றரை மணி நேரத்துல என்ன பண்ணுவீங்க?"

"சூரியனைப் பாப்போம்."

சரசம்மா திறந்த கதவு வழியே வெளியே பார்த்தார். வெயில் இருந்தது. "அன்னிக்கு எண்டரோ என்னமோ, அதத் தட்டினது யாரு?" என்றார்.

"நான்தான்."

"ஆஸ்பத்திரியில ரெண்டு நாளு நின்னீங்களே. அப்ப சொல்லல."

"சொல்லல்ல."

"எங் கையால பழம் வாங்கினீங்க."

பகவதிப்பெருமாள் குரலில் சூடேற்றாமல் கேட்டார்: "இத எழுதிக் கொடுப்பீரா, இல்ல இங்க மட்டும் சொல்லிட்டுப் பஸ் ஏறுவீரா?"

"எழுதித் தாரேன்."

எழுதினார். அவர் எப்போதும் எழுதுகிற மாதிரிதான்: நாள், நேரம், யார் யாரிடம் என்ன சொன்னது, எந்தப் படத்தை எத்தனை நிமிடம் பார்த்தது. சைரன் கழற்றப்பட்ட நாளையும், கழற்றச் சொன்னவர் பெயரையும் எழுதினார். முதலில் தமிழில், பிறகு மலையாளத்தில். ஒரு மணி நேரம் ஆனது. கையெழுத்துப் போடும்போது சரசம்மா எழுந்தார்.

"வெளிய வந்து வாசிங்க. எல்லாருக்கும் கேக்கணும்."

லயத்து முற்றத்தில் நின்று வாசித்தார். இருபது, முப்பது பேர் கூடியிருந்தார்கள். கைப்பிடியை இழுக்க வேண்டாம் என்று நான் சொன்னேன் என்ற இடத்துக்கு வந்ததும் சரசம்மா, "அத இன்னொரு வாட்டி" என்றார். இன்னொரு வாட்டி வாசித்தார். யாரும் ஏசவில்லை. ஒரு கிழவர் மட்டும், "ரெண்டு பேரும் போன்ல அவ்வளவு சிரிப்பானுவளே" என்று பக்கத்து ஆளிடம் சொன்னார்.

முடிந்ததும் சரசம்மா தாளை வாங்கி நாலாக மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார்.

"போங்க. இங்க இனி வராதீங்க."

மறுநாள் அந்தத் தாளின் நகல்கள் போலீஸ் ஸ்டேஷனுக்கும் ஆராய்ச்சி நிலையத்துக்கும் போயின. அந்த வாரமே சத்தியதாஸின் பெயரில் வழக்குப் பதிவானது. ஒப்பந்தத்தில் நாலு மாதம் மிச்சமிருந்தது; நிலையம் அதை முடித்துக்கொண்டது. திரைகளுக்கு முன்னால் இப்போது வேறொருவர். ஜாமீனில் இருக்கும் சத்தியதாஸ் மாதம் ஒருமுறை நெடுமங்காடு கோர்ட்டுக்குப் போகிறார். மற்ற நாட்களில் பாறசாலையில் ஒருவர் கடையில் மிக்சி பழுது பார்க்கிறார். எதைத் திறப்பதானாலும் முதலில் பிளக்கைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறார். கடைக்காரர் ரெஜி அதைப் பார்த்துச் சிரித்ததும் உண்டு, பிறகு விஷயம் தெரிந்து சிரிப்பதை நிறுத்தியதும் உண்டு.

பிப்ரவரியில் திருத்திய அறிக்கை ஒன்று தபாலில் வந்தது. கடை வாசலில் நின்று சத்தியதாஸ் வரி வரியாக வாசித்தார். மேற்படி நபர் தன்னிச்சையாக ஏறினார் என்ற வாக்கியம் எடுக்கப்பட்டிருந்தது. திரவியத்தின் மேல் குற்றமில்லை என்று தெளிவாக எழுதியிருந்தார்கள். விபத்துக்குக் காரணம் என்ற இடத்தில் இப்போது ஒரே ஒரு பெயர்: ஒப்பந்த ஊழியர் சத்தியதாஸ். சைரனைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

கட்டளை கொடுத்த நேரத்தைப் பத்து ஐம்பத்தொன்பது என்று அடித்திருந்தார்கள். அவர் ரெஜியிடம் பேனா வாங்கி, ஒன்பதை அடித்து எட்டாக்கினார்.